மூன்றாவது சரணத்தில் ஒரு இடம்

வயலெட் அக்கா ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினார், கொண்டை இடித்தது, கழற்றினார், கொண்டையை இரண்டு விரல் கீழே இறக்கிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இந்தக் கொண்டை இன்னும் ஒரு பத்து நிமிஷம் அடங்காமல் படுத்தினால் என்ன என்று ஜெபசிங்குக்கு இருந்தது. அது அடங்கிவிட்டது. "போடட்டாக்கா?" என்றான். அக்கா தலையை ஆட்டினார். பேச்சைக் குறைத்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கழுத்தில் சங்கிலி கிடக்க வேண்டிய இடத்தில் ஒரு தையல் கோடு இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது, அதை மறைக்கச் சேலைத் தலைப்பைச் சுற்றிப் போட்டிருந்தார். பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் பொன்ராஜ் அண்ணன், ஹெல்மெட்டை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, "நல்லா சத்தமா வைங்க தம்பி. ரெண்டு மாசமா இதே பேச்சுதான். ஜெபசிங் எப்ப போன் பண்ணுவாரு, எப்ப பண்ணுவாருன்னு என்னைய ஒரு வழி பண்ணிட்டா" என்றார். ஜெபசிங் ஸ்பேஸ் பாரைத் தட்டினான். பாட்டு ஆரம்பித்தது, ஆனால் அக்காவின் காதுக்குள் மட்டும். கதவை அடைத்தால் பாளையங்கோட்டையே வெளியே நின்றுவிடுகிற ஒலிப்பதிவு அறை அது. கம்ப்யூட்டரின் காற்றாடிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. திரையில் பதினாறு மைக்கின் ஒலி பதினாறு வரிசையாகப் படுத்துக் கிடந்தது, அதன் மேல் நெட்டுக்குத்தாக ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. பாட்டு மொத்தம் ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி. அந்த இடம் நாலு நிமிஷம் இருபத்தாறாவது விநாடியில் வருகிறது. அதுவரைக்கும் ஜெபசிங் மானமுள்ள மனிதன்.

அந்த இடத்தில் அக்காவின் குரல் உடைந்திருக்க வேண்டும். உடைந்துதான் இருந்தது, அவன் காதால் கேட்டான். இரண்டு மாதத்துக்கு முன்னால் பாட்டைப் பதிந்த நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கழுத்தில் ஆபரேஷன், தைராய்டு கட்டி. குரல் நரம்பை ஒட்டியே கிடக்கிறது, எடுத்த பிறகு குரல் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்திருந்தார். அதனால்தான் முந்தின நாள் மத்தியானம் சபைப் பாடகர் குழுவில் பதினோரு பேரும் லீவு போட்டுவிட்டு இந்த மாடிக்கு வந்தார்கள். பாட்டு அக்காவே எழுதி அக்காவே மெட்டுப் போட்டது. நடுவில் நிறுத்தாமல் முழுசாக ஒரே தடவைதான் பாடுவேன், அதற்கு மேல் தொண்டை தாங்காது என்று சொல்லிவிட்டார். மூன்றாவது சரணம் வரைக்கும் குரல் எண்ணெய் விட்ட கதவு மாதிரி போய்க்கொண்டிருந்தது. "நீ தந்த மூச்சு நீளும் மட்டும், நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பேன்." அந்த 'நீளும்' வருகிற நேரம் பார்த்துப் பொன்ராஜ் அண்ணன் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போட்டுவிட்டு நேராக மாடியேறி வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். கையில் ஸ்கேன் போட்ட அந்தப் பெரிய பழுப்புக் கவர். அக்கா அதைப் பார்த்தார். குரல் உடைந்தது. அரை விநாடிகூட இருக்காது, உடனே எட்டிப் பிடித்து மேலே போய்விட்டார். பாடி முடித்து வெளியே வந்ததும் முதல் பேச்சே அதுதான். "மூணாவது சரணத்துல உடைஞ்சிட்டு, கேட்டியளா? அதை எடுத்துராதிய தம்பி. சரி பண்ணுதேன்னு கை வச்சிராதிய. அது அப்படியே இருக்கட்டும்." ஜெபசிங்கும் பெரிய மனுஷன் மாதிரி, "கை வைக்கமாட்டேன்க்கா, நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க" என்று சொன்னான். சொன்ன நேரத்தில் அந்த அரை விநாடி இந்த உலகத்திலேயே இல்லை. அது அவனுக்குத் தெரியாது.

கோடு முதல் சரணத்துக்குள் நுழைந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார், வலது கை விரல்கள் முழங்கால் மேல் தட்டின. தாளம் இல்லை அது, டைப் அடிக்கிறார். முப்பது வருஷமாகக் கோர்ட்டில் டைப்பிஸ்ட், எதைக் கேட்டாலும் விரல் தானாக அடிக்கும், பிரசங்கத்தைக்கூட அடிப்பார், போதகர் வேகமாகப் பேசினால் அக்கா விரலும் ஓடும் என்று குழுவில் சிரிப்பார்கள். அந்த விரல்தான் அன்றைக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியை நீட்டிக் காட்டியது. ஜெபசிங் லினக்ஸுக்கு மாறிய கதையை இரண்டு விதமாகச் சொல்லலாம், அவன் ஊரில் ஒரு விதமாகத்தான் சொல்லியிருக்கிறான். மென்பொருளும் ஜெபமும் எல்லாருக்கும் பொது, அதற்குப் பூட்டு எதற்கு, ஆகவே யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்கிற இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினேன் என்பது சொன்ன கதை. உள்ள கதை அந்த டிவி. பன்னிரண்டு வருஷமாக யாரோ பூட்டை உடைத்துப் பென் டிரைவில் கொடுத்த மென்பொருளை வைத்துத்தான் கடையை ஓட்டினான். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பாட்டு மிக்ஸிங்குக்குக் குழு மொத்தமும் உட்கார்ந்திருக்கும்போது பாட்டு பாதியில் நின்றது, டிவி கறுத்தது, முழங்கை நீளத்துக்கு இங்கிலீஷ் எழுத்து வந்தது. எல்லாரும் பார்த்தும் பார்க்காத மாதிரி சாமானை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் வாசிக்கிற பழக்கத்தில் வாசித்துவிட்டார். "தம்பி, இது என்னமோ களவுக் காப்பின்னுல்லா போட்டிருக்கு?" "அது விளம்பரம்க்கா." "விளம்பரமா?" என்றார் அக்கா, அவ்வளவுதான், நம்பிவிட்டார். நம்பியதுதான் அவனைக் கொன்றது. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அவன் தோலில் அந்தக் கறுப்பு டிவி ஆறு மாதம் அரித்தது.

உழைப்பு பொய் இல்லை. அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. பதினாறு மைக் செருகுகிற பெட்டியை லினக்ஸ் முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, இரண்டு மைக்தான் தெரியும் என்று சாதித்தது. எட்டு மாதம் கட்டளை கட்டளையாக அடித்து, அடித்தது தப்பாகி, இருந்ததும் போய், முதலிலிருந்து போட்டு, ஒருநாள் மத்தியானம் பதினாறு பச்சை விளக்கும் ஒன்றாக எரிந்தபோது ஜெபசிங் தனியாக எழுந்து நின்று கைதட்டினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த மாதம் சபையில் தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார்கள், இவன் எழுந்துவிட்டான். "என் தொழிலில் இருந்த களவை ஆண்டவர் எடுத்துப்போட்டார்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம். டிவி கறுத்ததைச் சொல்லவில்லை, மனச்சாட்சி உறுத்தியது என்று சொன்னான். உறுத்தியது மனச்சாட்சி இல்லை, மூஞ்சி. ஆராதனை முடிந்து வாசலில் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி எங்க பாட்டு எல்லாம் உங்ககிட்டதான் தம்பி" என்றார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றினார் என்பதுதான் இன்றைய வேதனை. பொன்ராஜ் அண்ணன் மதுரையில் பெரிய ஸ்டுடியோவில் பதிவை வைத்துக்கொள்ளலாம் என்று காரே பேசியிருந்தார். அக்காதான் முடியாது என்றார். கடைசியாகப் பாடுவதைக் களவு இல்லாத இடத்தில் பாட வேண்டுமாம். இதைப் பொன்ராஜ் அண்ணனே சிரித்துக்கொண்டு அவனிடம் சொன்னார். மதுரையில் பாடியிருந்தால் அந்த அரை விநாடி இருந்திருக்கும்.

இரண்டாவது சரணம். கோடு ஒரு நிதானத்தோடு போகிறது, அதற்கு அவசரமே கிடையாது. இரண்டு நிமிஷம் நாற்பது. இங்கே ஒரு 'நீளும்' இருக்கிறது, நல்ல 'நீளும்', முழுசு, எங்கும் கீறல் இல்லாதது. அதைப் பார்க்க வேண்டாம். கண்ணைத் திருப்பினால் திரையின் மூலையில் அந்த எண். அறுபத்து நான்கு. கம்ப்யூட்டர் மைக்கிலிருந்து வரும் சத்தத்தைக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி மொண்டு மொண்டுதான் ஊற்றும். குடத்தால் மொண்டால் ஒரு சொட்டுச் சிந்தாது, ஆனால் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். டம்ளரால் மொண்டால் உடனுக்குடன் வரும், ஆனால் கை ஓயக்கூடாது, ஒரு கணம் யாராவது கூப்பிட்டுத் திரும்பினால் அந்த டம்ளர் போச்சு. அந்த எண்தான் மொள்ளுகிற பாத்திரத்தின் அளவு. ஆயிரத்து இருபத்து நான்கு என்பது குடம். அறுபத்து நான்கு டம்ளர். பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டுக்கொண்டே பாடினால் டம்ளருக்கு ஒரு நியாயம் உண்டு. அன்றைக்குப் பதினோரு பேரில் ஒருத்தர் காதிலும் ஹெட்போன் இல்லை. குடத்தை வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் லினக்ஸில் பாட்டுப் பதிகிறவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது, போனில், இருநூற்று நாற்பது பேர், அதில் யார் எவ்வளவு சின்ன டம்ளரால் மொள்ளுகிறான் என்பதில்தான் ஆண்பிள்ளைத்தனம். எட்டு மைக்கை நூற்று இருபத்தெட்டில் பதிந்தேன் என்று முந்தின வாரம் ஒருவர் போட்டிருந்தார், அதற்கே முப்பது பேர் கைதட்டல். ஜெபசிங்கிடம் பதினாறு இருந்தது. சிந்தினால் உடனே பதிவை நிறுத்து என்று அந்த மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு, பாதியில் நின்றால் மானம் போகும் என்று அதில் இருந்த டிக்கை எடுத்துவிட்டான். மானம்! மூன்றாவது சரணம் வரைக்கும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சிந்திய கணக்கு சைபர் என்று காட்டியது. அந்தச் சைபரை நாலு பேருக்குக் காட்டாமல் அவனுக்குப் பொறுக்கவில்லை. திரையைப் படமெடுக்கிற பொத்தானை அழுத்தினான். படம் எடுக்கக் கம்ப்யூட்டர் ஒரு கணம் திரும்பியது.

எந்தக் கணம் என்று அவனுக்கு அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கம்ப்யூட்டருக்குப் போகாமல் மைக் பெட்டியிலிருந்தே வந்த சத்தத்தில் குரல் உடைந்தது காதில் கேட்டது, கண் சைபர் மேல் இருந்தது, விரல் பொத்தான் மேல் இருந்தது, மூன்றும் ஒரே ஆளுடையவை. படத்தில் சைபர்தான் இருந்தது. படம் எடுக்கப்பட்ட பிறகுதானே அது ஒன்றாக மாறியது. அன்று சாயங்காலமே படத்தைப் போன் குழுவில் போட்டு, பதினாறு மைக், அறுபத்து நான்கு, ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று எழுதினான். நாற்பத்து மூன்று பேர் கைதட்டினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு, அக்காவை மேஜையில் கிடத்தியிருக்கும் நேரம், வேலையை ஆரம்பிக்கலாம் என்று பாட்டைத் திறந்தால் நாலு இருபத்தாறில் ஒரு சிவப்புக் குறி நின்றது. அந்த மென்பொருளுக்கு ஒரு குணம், எங்கே சிந்தியதோ அங்கே தானே ஒரு குறி போட்டுவைக்கும், இங்கே தவறவிட்டேன் என்று. பன்னிரண்டு வருஷம் களவு மென்பொருளில் வேலை பார்த்தவனுக்கு, தன் தப்பைத் தானே எழுதிவைக்கிற ஒன்றைக் கண்டால் என்ன செய்யத் தெரியும்? குறியைத் தட்டிக் கேட்டான். 'நீ' என்று வந்தது, டிக்கென்று ஒரு சத்தம், பிறகு 'ம் மட்டும்' என்று அக்கா மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தார். பதினாறு வரிசையிலும் அதே இடத்தில் ஒன்றுமில்லை. அழிந்துபோனதைத் தேடிப் பிடிக்க வழி உண்டு, எழுதவே எழுதாததை எங்கே தேடுவது? ஒன்பது நாள் தேடினான். போன் குழுவில் கேட்க முடியாது, அங்கே சைபர் தொங்குகிறது. பொன்ராஜ் அண்ணன் போன் பண்ணி, உயிருக்குப் பயமில்லை தம்பி, குரல்தான் போயிட்டு, காத்து மாதிரி வருது என்றபோது, சரிண்ணே, ஜெபம் பண்ணிக்கிடுதேன் என்றான். பத்தாவது நாள் இரண்டாவது சரணத்திலிருந்து நல்ல 'நீளும்' ஒன்றை வெட்டி எடுத்துப் பதினாறு வரிசையிலும் அந்த ஓட்டையில் ஒட்டினான். ஒட்டியது தெரியாமல் ஓரங்களைத் தேய்த்தான். குறியை அழித்தான். அவன் வாழ்நாளில் செய்ததிலேயே சுத்தமான ஒட்டு அதுதான். முடித்துவிட்டுக் கேட்டபோது ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. 

மேஜைக்கு அடியில் காலில் எவர்சில்வர் டப்பா இடித்தது. ஜாக் முனைகள், உடைந்த கிளிப்புகள் போட்டுவைக்கிற டப்பா. மூடியில் அவன் பெயரும் வருஷமும் பொறித்திருக்கும். ஆறாம் வகுப்பில் ஓய்வுநாள் பள்ளியில் பைபிள் வசனப் போட்டி, இருபது வசனம் பார்க்காமல் சொல்ல வேண்டும். பதினேழு தெரியும். மூன்றை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய், கையைக் கும்பிட்ட மாதிரி வைத்துக்கொண்டு சொன்னான். பையனுக்கு என்ன பக்தி என்று நடுவர் மெச்சி இந்த டப்பாவை முதல் பரிசாகக் கொடுத்தார். அம்மா அதில் சாகிறவரை சீனி போட்டு வைத்திருந்தாள், வருகிறவர்களிடம் மூடியைத் திருப்பிக் காட்டுவாள். இரண்டாவதாக வந்த பையன் இருபதும் தெரிந்தவன், நடுங்கி ஒன்றை விட்டுவிட்டான். அவன் பெயர்கூட இப்போது ஞாபகம் வரவில்லை, உள்ளங்கையில் மை வேர்த்துக் கரைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இப்போதும் உள்ளங்கை வேர்த்தது. ஜெபசிங் அதைப் பேண்ட்டில் துடைத்தான். மேஜை மேல் போன் அதிர்ந்தது. போன் குழுவில் ஓசூர்க்காரர் ஒருவர், அண்ணே, ஞாயிற்றுக்கிழமை எங்க கச்சேரி, நீங்க சொன்ன அறுபத்து நாலுலதான் பதியப்போறேன், ஆசீர்வாதம் பண்ணுங்க என்று எழுதியிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தான். மூன்று நிமிஷம் ஐம்பது. பொன்ராஜ் அண்ணன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார், அவனும் சிரித்தான்.

இப்போது சொல்லிவிடலாம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பாட்டு நிற்கும், அக்கா ஒரு நிமிஷம், ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தால் முடிந்தது. ஆனால் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவரை நிறுத்துவது மரியாதையா? சரணம் முடியட்டும். முடிந்த பிறகு சொல்வதும் முன்னால் சொல்வதும் ஒன்றுதானா? ஒன்று இல்லை. கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்தால் நல்லது, அவரே கேட்டுவிட்டால் இவன் சொல்ல வேண்டிய பாடு இல்லை. கண்டுபிடித்தால், இல்லக்கா, கொஞ்சம் பிசிறு இருந்தது, சின்னதா சுத்தம் பண்ணினேன் என்று சொல்லலாம். பார், அதற்குள் அடுத்த பொய் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. நாலு நிமிஷம் பன்னிரண்டு. மூன்றாவது சரணம் ஆரம்பித்துவிட்டது. அக்காவின் விரல்கள் முழங்காலில் அடித்துக்கொண்டே போயின. உதடு அசைந்தது. கூடவே பாடுகிறார் போலிருக்கிறது, சத்தமில்லாமல், அந்தக் காற்றை வைத்துக்கொண்டு. அதைப் பார்க்க வேண்டும் என்று ஜெபசிங் எதிர்பார்க்கவில்லை. இருபத்திரண்டு. இருபத்து மூன்று. அக்காவின் கை எழுந்து போய்ப் பொன்ராஜ் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தது. இருபத்தாறு. விரல் நின்றது. முகம் சுருங்கி, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் ஓடியது. கோடு அந்த இடத்தைத் தாண்டி எதுவும் நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தது. அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

பாட்டு முடிந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கை வைக்கலையே நீங்க" என்றார். குரல் காய்ந்த ஓலையை இழுக்கிற மாதிரி வந்தது. "நான் பயந்துக்கிட்டே வந்தேன் தம்பி. இவரு வேலை தெரிஞ்ச ஆளு, எங்க சரி பண்ணித் தொலைச்சிருப்பாரோன்னு. உடைஞ்சது உடைஞ்சாப்லயே இருக்கு."

  இதோடு விட்டுவிடலாம் என்று ஜெபசிங்குக்கு இருந்தது, இதைவிட நல்ல முடிவு யாருக்குக் கிடைக்கும். அவருக்கு அது கேட்டுவிட்டது. இல்லாத உடைசலை அவர் ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டார். அவர் வீட்டுக்குப் போய் தினமும் கேட்பார், தினமும் அது இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? சரிக்கா என்று ஒரு வார்த்தை போதும். ஆறாம் வகுப்பில் நடுவர் தலையைத் தடவியபோது எப்படிக் குனிந்து நின்றானோ அப்படியே குனிந்து நின்றால் போதும்.

"இவுக கேக்கணும்" என்று அக்கா ஹெட்போனைப் பொன்ராஜ் அண்ணனிடம் நீட்டினார். "உங்களைப் பாத்துத்தான் உடைஞ்சதுன்னு சொன்னேன்லா, நம்பலையே. இப்பக் கேளுங்க. தம்பி, அந்த இடத்தை மட்டும் போடுங்க."

பொன்ராஜ் அண்ணன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு ஹெட்போனை வாங்கினார். அவர் கேட்பார். ஒன்றும் உடைந்திருக்காது. அக்கா முகத்தைப் பார்ப்பார், பிறகு ஜெபசிங்கின் முகத்தைப் பார்ப்பார், பிறகு, ஆமாளா, உடைஞ்சிருக்கு என்பார். மனைவிக்காகச் சொல்வார், நல்ல மனுஷன், கட்டாயம் சொல்வார். ஆயுசுக்கும் அதைச் சுமப்பார். அதை மட்டும் ஜெபசிங்கால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அது இல்லக்கா."

"எது இல்ல?"

"அந்த இடம். பதியவே இல்ல. ரெண்டாவது சரணத்துல உள்ள 'நீளும்'ங்கிறதை எடுத்து நான்தான் ஒட்டி வச்சிருக்கேன்."

அக்கா சிரித்தார். "இல்லையே. இப்பத்தானே கேட்டேன்."

"இல்லக்கா."

"கேட்டேனே தம்பி."

வாயால் சொல்லிப் புரியவைக்க அவனால் முடியவில்லை. ஒட்டிய துண்டுகளைப் பதினாறு வரிசையிலும் பிடித்து நீக்கினான், சத்தத்தை ஸ்பீக்கருக்கு மாற்றினான், ஸ்பேஸ் பாரைத் தட்டினான். அறை முழுவதும் அக்காவின் பழைய குரல் நிறைந்தது. "நீ தந்த மூச்சு நீ" என்று வந்தது, டிக்கென்றது, ஒன்றுமில்லை, பிறகு "ம் மட்டும்" என்று போனது. நிறுத்தினான்.

"அன்னைக்குக் கரண்டு போயிட்டோ?" என்றார் பொன்ராஜ் அண்ணன். பாவம், ஒரு நல்ல பொய்யைத் தட்டில் வைத்து நீட்டினார்.

"இல்லண்ணே. நான் போட்டோ எடுத்தேன்."

"யாரை?"

"கம்ப்யூட்டரைத்தான். பதினாறு மைக்கு ஓடுதுன்னு நாலு பேருக்குக் காட்ட. அது எடுக்கப் போயி இதை விட்டுட்டு." போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினான். சைபரும் நாற்பத்து மூன்று கைதட்டலும் இருந்தன. பொன்ராஜ் அண்ணன் மூக்குக் கண்ணாடியைச் சட்டைப் பையில் தேடினார், எடுக்கவில்லை, அப்படியே பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா திட்டவில்லை. சேலைத் தலைப்பை எடுத்துக் கழுத்துக் கோட்டின் மேல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "அப்ப நான் என்னத்தைக் கேட்டு அழுதேன்?" என்றார், யாரையும் பார்க்காமல். "என் குரலு எனக்கே தெரியலையே." அவர் முகத்தில் வெட்கம் ஏறியது. இரண்டு மாதமாக ஜெபசிங் தனக்கென்று வைத்திருந்த அதே வெட்கம், அடையாளம் தெரிந்தது. இவன் இறக்கிவைக்கப் போனது அங்கே போய் ஏறிவிட்டது. சொல்லாமல் இருந்ததைவிடச் சொன்னது மோசமாகிவிட்டதா? கும்பிட்டுக் காலில் விழலாமா என்று இருந்தது, விழுந்தால் அதுவும் கூத்தாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்தே இருந்தான்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, அவரு ஒட்டினதையே திரும்பப் போட்டுக்கிடலாம்லா" என்றார் பொன்ராஜ் அண்ணன் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை அசனப் பண்டிகைல, சாப்பாட்டுக்கு முன்னால, சபை பூரா கேக்கும். பாதியில டிக்குங்குமே."

"வேண்டாம்." அக்கா நிமிர்ந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைச் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. "முப்பது வருசமா அடிக்கேன். கூண்டுல சாட்சி அழுதா, அழுதாருன்னு அடிப்போம். சொன்னது காதுல விழலைன்னா புள்ளி வச்சு இடம் விட்டு அடிப்போம். முன்னாடி சொன்னதுல இருந்து ஒண்ணை எடுத்து அங்க அடிச்சா எனக்கு வேலை போயிரும் தம்பி."

ஜெபசிங் தலையை ஆட்டினான்.

"இடம் விட்டு வைங்க."

"சரிக்கா."

"என்ன ஆச்சுன்னு கேப்பாங்களே" என்றார் பொன்ராஜ் அண்ணன்.

"கேக்கட்டும். இவரு எந்திச்சு சொல்லுவாரு." அக்கா ஜெபசிங்கைப் பார்த்தார். குத்திச் சொல்லவில்லை, அப்படிப் பேசத் தெரியாதவர் அவர். "அன்னைக்கு நல்லாத்தானே சாட்சி சொன்னிய."

அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது, பிறகு வண்டி கிளம்பியது. ஜெபசிங் நாலு நிமிஷம் இருபத்தாறாவது விநாடியில் கோட்டைக் கொண்டுபோய் நிறுத்தி, அழித்த குறியை மறுபடி வைத்தான். குறிக்கு என்ன பெயர் என்று மென்பொருள் கேட்டது. முன்பு அதுவாக வைத்திருந்த பெயர் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அதை விட்டுவிட்டுத் தன் பெயரை அடித்தான். பிறகு போனை எடுத்து, அறுபத்து நான்கில் பதியப்போகிற ஓசூர்க்காரருக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.